சேலம் வளைகாப்பு: ஞாயிறு காலை, குடும்பக் குழு

நான் 5.20: பொம்மனஹள்ளியிலிருந்து கிளம்பிவிட்டோம். அம்மா மடியில் வளையல் பெட்டி, பின் சீட்டில் இரண்டு தூக்கு. ஒன்பதரைக்குள் சேலம்.

அத்தை 5.24: நிதானமாக வாப்பா. பத்தரைக்குத்தான் வளையல்.

நான் 6.35: அத்திப்பள்ளியில் லாரி வரிசை. நாற்பது நிமிடமாக ஊர்கிறோம்.

நான் 7.25: சூளகிரிக்கு முன்னால் வண்டி படுத்துவிட்டது. டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொட்டது, பானெட்டிலிருந்து ஆவி. ஓரம் கட்டிவிட்டேன்.

சித்தப்பா 7.26: எஞ்சினை அணைத்தாயா? ரேடியேட்டர் மூடியைத் தொடாதே!

சித்தப்பா 7.28: உள்ளே அழுத்தம் இருப்பதால் தண்ணீர் நூறு டிகிரி தாண்டியும் கொதிக்காமல் நிற்கும். மூடியைத் திறந்தால் அப்படியே முகத்தில் அடிக்கும். அல்சூர் ஸ்டாண்டில் ஒரு பையனுக்குக் கை வெந்ததை நானே பார்த்தேன். முக்கால் மணி நேரம் ஆறட்டும். சூட்டோடு பச்சைத் தண்ணீர் ஊற்றாதே, எஞ்சின் பிளாக் வெடிக்கும். 1033-க்கு அடி, ஹைவே உதவி வரும்.

அத்தை 7.31: அண்ணி எப்படி இருக்கிறார்கள்?

அம்மா 7.36: நன்றாக இருக்கிறேன். புளியமர நிழல். தேங்காய்ச் சாதம்தான் கவலை, பதினொரு மணிக்கு மேல் தாங்காது.

நான் 8.20: [படம்] ரேடியேட்டர் மேல் ஹோஸ். கிளாம்புக்குப் பக்கத்தில் விரல் நீளம் கிழிசல், தொட்டால் ரப்பர் உதிர்கிறது. பச்சைக் கூலன்ட் எல்லாம் மண்ணில். போன வாரம்தான் சர்வீஸ் விட்டேன் சித்தப்பா, எல்லாம் பார்த்தாச்சு என்றார்கள்.

சித்தப்பா 8.22: பார்த்திருந்தால் இது கண்ணில் பட்டிருக்கும். சரி, அது அப்புறம். டேப் சுற்றி ஓட்டலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதே. மறுபடி சூடேறி எஞ்சினில் ஹெட் கேஸ்கட் போய்விடும். அம்மாவை வைத்துக்கொண்டு வேண்டாம்.

நான் 8.50: ரோந்து வண்டி வந்தது. கூம்பு வைத்து, கட்டி இழுத்து சூளகிரிப் பட்டறையில் விட்டார்கள். ஹோஸ் இங்கே இல்லை. ஓசூரில் கடை திறந்ததும் பஸ்ஸில் கொடுத்தனுப்புவார்களாம்.

அத்தை 8.58: அண்ணி, பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரை எமகண்டம். அது கழிந்தே வைத்துக்கொள்வோம்.

அம்மா 9.01: வேண்டாம்மா. பாப்பா எவ்வளவு நேரம் உட்காருவாள்? நீங்கள் ஆரம்பியுங்கள்.

பாப்பா 9.02: அத்தை, நான் இட்லி சாப்பிட்டுவிட்டேன். தாய்மாமன் வீட்டு வளையல் ஏறாமல் வேறு யாருக்கும் கையை நீட்ட மாட்டேன்.

அப்பா 9.05: சமையல்காரரிடம் சொல்லிவிட்டேன். முதல் பந்தி பன்னிரண்டுக்கு, வளையல் ஒன்றே முக்காலுக்கு. தாய்மாமன் நான் இங்கே இருக்கிறேன், சீர் அங்கே ரோட்டில் இருக்கிறது. பதறாமல் வாருங்கள்.

நான் 10.40: மாட்டியாயிற்று. பழைய ஹோஸை டிக்கியில் போட்டுக்கொண்டேன், சர்வீஸ் விட்ட இடத்தில் காட்ட வேண்டும். அம்மா தேங்காய்ச் சாதத்தை மெக்கானிக்குக்கும் பையன்கள் இருவருக்கும் வாழை இலையில் வைத்தார்கள். காலையிலிருந்து டீ மட்டும்தான் குடித்திருந்தார்களாம். கூலிக்கு மேல் ஒரு ரூபாய் வாங்கவில்லை.

சித்தப்பா 10.42: முள்ளைப் பார்த்துக்கொண்டே ஓட்டு. தொப்பூர் இறக்கத்தில் மூன்றாவது கியரிலேயே இறங்கு. பிரேக்கையே மிதித்துக்கொண்டு போனால் அது சூடேறி அப்புறம் பிடிக்காது.

நான் 12.35: தொப்பூர் இறங்கிவிட்டோம். முள் பாதியில் அசையாமல் நிற்கிறது.

அத்தை 1.14: வந்துவிட்டார்கள்! அண்ணி முகம் கழுவிப் புடவை மாற்றுகிறார்கள்.

பாப்பா 1.52: [படம்] முதல் வளையல், அத்தை கையால். பச்சை.

சித்தப்பா 1.53: மனசு நிறைந்தது. அண்ணி கையில் இன்னும் கிரீஸ் இருக்கிறதே?

அம்மா 2.30: ஹோஸ் மாட்டும்போது டார்ச் பிடித்தேன். தம்பி, தேங்காய்ச் சாதத் தூக்கு பட்டறையிலேயே நின்றுவிட்டது. நாளை திரும்பும்போது வாங்கிக்கொள்ளலாம். அந்தப் பையன்களுக்கு இங்கிருந்து கொஞ்சம் லட்டு எடுத்து வை.