பைபாஸ் ஒயரை யார் எடுப்பது? நூற்பாலை எலெக்ட்ரானிக்ஸ் குழுவின் பொறுப்பாளர் கேட்கும் கேள்வி

கேள்வி: பல்லடத்துக்காரன்

வணக்கம். பல்லடத்துக்கு அருகிலுள்ள ஒரு நூற்பாலையில் எலெக்ட்ரானிக்ஸ் பராமரிப்புப் பிரிவில் 11 ஆண்டுகளாக வேலை செய்கிறேன். ஆறு மாதங்களுக்கு முன்பு அந்தப் பிரிவின் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். என்னையும் சேர்த்து எட்டுப் பேர், மூன்று ஷிப்ட். டிரைவ் (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) பழுது, பி.எல்.சி. (இயந்திரத்தை இயக்கும் சிறு கணினி) கோளாறு போன்றவற்றில் எனக்குத் தயக்கம் இல்லை. ஆட்களை நடத்துவதில்தான் தடுமாறுகிறேன்.

சென்ற மாதம் இரவு ஷிப்டில், பஞ்சைச் சிக்கெடுக்கும் ஒரு கார்டிங் இயந்திரத்தின் மூடியைப் பூட்டும் சுவிட்ச் பழுதானது. அந்த இயந்திரத்தின் சிலிண்டர், மின்சாரத்தை நிறுத்திய பிறகும் சில நிமிடங்கள் சுற்றிக்கொண்டே இருக்கும் என்பது இங்கே பலருக்கும் தெரியும். அது முழுவதும் நிற்கும் வரை மூடியைத் திறக்க விடாமல் தடுப்பதுதான் அந்தச் சுவிட்சின் வேலை. ஸ்டோரில் மாற்றுச் சுவிட்ச் கிடைக்கவில்லை. பணியில் இருந்த இளைஞர் பேனலில் (மின் கட்டுப்பாட்டுப் பெட்டி) இரண்டு டெர்மினல்களுக்கு நடுவே ஒரு துண்டு ஒயரைப் போட்டு, அந்தச் சுவிட்சைத் தாண்டி, அதாவது பைபாஸ் செய்து, இயந்திரத்தை ஓட விட்டுவிட்டு, விடியற்காலையில் வீட்டுக்குப் போய்விட்டார். யாரிடமும் சொல்லவில்லை, எங்கும் எழுதவும் இல்லை. நான்காவது நாள் பஞ்சு அடைப்பை எடுக்க வந்த தொழிலாளி, இயந்திரம் நின்றுவிட்டது என்று நினைத்து மூடியைத் திறந்துவிட்டார். பக்கத்தில் நின்ற மேஸ்திரி சட்டையைப் பிடித்து இழுத்ததால் கை தப்பியது.

அந்த இளைஞரைக் கண்டித்தேன். ஆனால் எங்கள் பிரிவின் மூத்தவர், நான் அண்ணா என்று அழைப்பவர், எனக்கு இந்தத் தொழிலைக் கற்றுக்கொடுத்தவர், எல்லோர் முன்னிலையிலும் "நாங்களும் இப்படித்தான் ஓட்டியிருக்கிறோம், பையனை மட்டும் ஏன் திட்டுகிறாய்?" என்று கேட்டார். உற்பத்திப் பிரிவோ, இயந்திரம் நின்றால் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை போன் செய்கிறது. இனிமேல் பைபாஸே கூடாது என்று ஒரு சுற்றறிக்கை ஒட்டிவிடலாமா என்று யோசிக்கிறேன். இப்படிப்பட்ட குழுவை நடத்தியவர்கள் என்ன செய்தீர்கள்?

பதில் 1: பெருந்துறை மெயின்டனன்ஸ்

சுற்றறிக்கையை ஒட்டாதீர்கள். நான் ஒட்டிப் பார்த்தவன். ஒட்டிய பிறகு பைபாஸ் குறையவில்லை, மறைவது மட்டும்தான் கூடியது. முன்பு கண்ணில் படுகிற இடத்தில் இருந்த ஒயர், பிறகு கேபிள் டிரேக்கு உள்ளே போய்விட்டது.

இன்டர்லாக் (நிலைமை சரியில்லாதபோது இயந்திரத்தை ஓடவோ திறக்கவோ விடாத தடுப்பு) எல்லாம் ஒரே வகை அல்ல என்பதை முதலில் குழுவுக்குப் புரிய வையுங்கள். ஈரப்பத அளவு, நூல் இழுவை, காற்றழுத்தம் போன்றவற்றைக் கவனிக்கும் இன்டர்லாக் பொருளையும் இயந்திரத்தையும் காப்பது; அதைச் சில மணி நேரம் தெரிந்தே தாண்டி ஓட்டினால் நஷ்டம் பணத்தோடு நிற்கும். மூடி, கதவு, எமர்ஜென்சி சுவிட்ச் ஆகியவை ஆளைக் காப்பவை. இரண்டாவது வகைக்கு யார் கேட்டாலும், முதலாளியே வந்து நின்று கேட்டாலும், பைபாஸ் கிடையாது; இயந்திரம் நிற்கட்டும். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமே இயந்திரங்களின் ஆபத்தான பாகங்களுக்குத் தடுப்பு வேண்டும் என்று 21ஆம் பிரிவில் அப்போதே சொல்லியிருந்தது. ஆகவே அந்தப் பேச்சில் நீங்கள் தனி ஆள் இல்லை.

முதல் வகைக்கு நாங்கள் வைத்திருக்கும் ஏற்பாடு மிக எளிது. பைபாஸுக்கென்று பேனலில் வேறு எதற்கும் பயன்படாத ஒரு நிறத்தில், ஒரு முழம் நீளத்தில், வெளியே தொங்கும்படியான ஒயர் மட்டுமே. நீளமாக இருப்பதால் பேனல் கதவு சரியாக மூடாது, அந்த எரிச்சலே அதை எடுக்க வைக்கும். அதில் தேதியும் பெயரும் எழுதிய அட்டை தொங்கும். ஷிப்ட் முடிந்தால் அனுமதியும் முடிந்தது. அடுத்த ஷிப்ட் பொறுப்பாளர் தன் பெயரை எழுதினால்தான் தொடரலாம். தன் பெயரை எழுதச் சொன்னவுடன் பாதிப் பேர் சுவிட்சை மாற்றிவிடுகிறார்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஒயரைவிட ஆபத்து, லேப்டாப்பை மாட்டி பி.எல்.சி.யில் ஓர் இன்புட்டை ஃபோர்ஸ் செய்வது, அதாவது சென்சார் என்ன சொன்னாலும் 'சரி' என்றே காட்டும்படி நிரலில் வைப்பது. ஒயராவது பேனலைத் திறந்தால் கண்ணில் படும், ஃபோர்ஸ் படாது. நிரல் இருக்கும் லேப்டாப் ஒரே ஒருவர் பொறுப்பில், அதுவும் கையெழுத்துப் போட்டு வாங்கும் முறையில் இருக்க வேண்டும்.

பதில் 2: நொய்யல் கரை

நான் திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையின் கட்டுப்பாட்டுக் கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் குழுவில் இருக்கிறேன். 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் இங்குள்ள சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதும், அதன் பிறகு கழிவுநீர்ச் சுத்திகரிப்பே பட்டறைக்குச் சமமான பெரிய வேலையாகிவிட்டதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். சாயமிடும் பக்கத்துக்கும் சுத்திகரிப்புப் பக்கத்துக்கும் எங்களிடம் அதே ஆட்கள்தான்.

முந்தைய பதிலோடு எனக்கு முரண்பாடு இல்லை. ஆனால் உங்கள் கேள்வியிலேயே ஒரு வரி இருக்கிறது: "ஸ்டோரில் மாற்றுச் சுவிட்ச் கிடைக்கவில்லை." என் கணிப்பில் குற்றம் அங்கே தொடங்குகிறது. இரவு ஷிப்டில் ஸ்டோர் பூட்டியிருக்கும், சாவி இருப்பவர் தூங்கிக்கொண்டிருப்பார், பையன் கையில் இருப்பது ஒரு துண்டு ஒயர் மட்டும்தான். வேறு வழி கொடுக்காமல் அவனிடம் ஒழுக்கத்தை எதிர்பார்ப்பது நியாயம் இல்லை.

நாங்கள் ஓர் ஆண்டுப் பழுதுகளை எழுதிப் பார்த்தபோது, திரும்பத் திரும்ப வருவது விரல் விட்டு எண்ணக்கூடிய சில பொருள்கள்தான் என்று தெரிந்தது: ப்ராக்ஸிமிட்டி சென்சார் (பொருள் அருகில் வருவதை உணர்வது), லிமிட் சுவிட்ச், 24 வோல்ட் பவர் சப்ளை, டிரைவின் குளிர்விக்கும் மின்விசிறி, சில ரிலேக்கள். இவற்றை ஒரு பெட்டியில் போட்டு ஷிப்ட் பொறுப்பாளரிடமே கொடுத்துவிட்டோம். சென்சார் வாங்கும்போது என்.பி.என்., பி.என்.பி. என்று இணைப்பு முறை வேறுபடும் இரண்டு வகைகளையும் வேறு வேறு நிற டப்பாவில் வைத்தோம். நடு ராத்திரியில் ஒன்றுக்கு மற்றொன்றைப் போட்டு, "புதிய சென்சாரும் வேலை செய்யவில்லை" என்று பைபாஸ் செய்த கதை எங்களிடமே நடந்தது.

பாலியெஸ்டர் துணிக்குச் சாயமேற்றும் கலனுக்குள் தண்ணீர் அழுத்தத்தோடு 130 டிகிரி வரை போகும். வெப்பமும் அழுத்தமும் இறங்கும் முன் அதன் மூடி திறக்காமல் தடுக்கும் இன்டர்லாக்குக்கு மட்டும் நான் நேரடியாகவே சொல்லி வைத்திருக்கிறேன்: அதில் கை வைத்தவன் மறுநாள் வேலைக்கு வர வேண்டாம். என் குழுவில் எனக்கு இருக்கும் ஒரே கடுமையான விதி அதுதான்.

பதில் 3: கரூர் இன்ஸ்ட்ருமென்டேஷன்

உங்கள் மூத்தவரைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். நான் பொறுப்பேற்றபோது என் குழுவில் என்னைவிட இருபது வயது பெரியவர் ஒருவர் இருந்தார். ஒரு பெண் தனக்கு மேலே வந்திருக்கிறாள் என்ற வருத்தம் அவருக்கு இருந்ததா என்று நான் கேட்கவும் இல்லை, அவர் சொல்லவும் இல்லை. ஆனால் எந்தப் பேனலில் எந்த ஒயர் வரைபடத்தோடு ஒத்துப்போகாது என்பது அவருக்கு மட்டுமே தெரியும்.

அவரை எழுதச் சொல்லாதீர்கள். எழுதச் சொன்னால் தன்னை வெளியே அனுப்பத்தான் குறிப்பு எடுக்கிறார்கள் என்று நினைப்பார். "அண்ணா, இந்தப் பேனலை எனக்கு ஒரு முறை காட்டுங்கள்" என்று கூடவே நடந்து, நீங்கள் எழுதுங்கள். பொறுப்பாளரே கையில் நோட்டோடு நின்றால் இளைஞர்களும் கவனிப்பார்கள். பிறகு, பைபாஸ் ஒயர்களை எடுக்கும் அதிகாரத்தை அவரிடமே கொடுங்கள். போடும் அனுமதி உங்களிடமும் உற்பத்தி மாஸ்டரிடமும் சேர்ந்து இருக்கட்டும். மாஸ்டரின் கையெழுத்து இல்லாவிட்டால் பழி எப்போதும் உங்கள் பையன்கள் மேல்தான் விழும்.

கேள்வி கேட்டவரின் பதில்: பல்லடத்துக்காரன்

மூவருக்கும் நன்றி. பதில் எழுதத் தாமதமானதற்குக் காரணம், ஆயுத பூஜைக்காக எல்லாப் பேனல்களையும் திறந்து சுத்தம் செய்யும் வாய்ப்புக்குக் காத்திருந்தேன். ஆண்டில் அந்த ஒரு நாள்தான் ஆலை முழுவதும் ஒரே நேரத்தில் நிற்கிறது. கரூர் சகோதரி சொன்னபடி அண்ணாவோடு பேனல் பேனலாக நடந்தேன். முதல் மூன்று பேனல்கள் வரை அவர் அதிகம் பேசவில்லை. நான்காவதில் அவரே டார்ச்சை வாங்கிக்கொண்டார்.

யாருக்கும் தெரியாத பைபாஸ் ஒயர்கள் ஏழு கிடைத்தன. அவற்றில் இரண்டு ஆளைக் காக்கும் இன்டர்லாக்குகள். அன்றைக்கே சுவிட்ச் மாற்றினோம். மூன்றுக்குக் காரணமான சென்சார்கள் நல்ல நிலையிலேயே இருந்தன, முனையில் படிந்த பஞ்சையும் எண்ணெய்ப் பிசுக்கையும் யாரும் துடைக்கவில்லை என்பதுதான் பழுது. மீதி இரண்டுக்கும் சென்சார் வாங்கக் கேட்டிருக்கிறோம், அதுவரை அட்டை தொங்குகிறது. இரவுக்கான பெட்டிக்கு ஸ்டோரில் ஒப்புதல் கிடைத்துவிட்டது. மாஸ்டரின் கையெழுத்துக்கு இன்னும் இழுபறி.

ஏழாவது ஒயர் ஒரு ஸ்பீட் ஃப்ரேம் (நூற்புக்கு முந்தைய கட்ட இயந்திரம்) பேனலில் இருந்தது. அதன் மேல் காய்ந்த சந்தனமும் குங்குமமும் இருந்தன. சென்ற ஆண்டு பூஜையில் அந்தப் பேனலுக்குப் பொட்டு வைத்தவன் நான்தான். அதை அண்ணாவிடம் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே ஸ்க்ரூ டிரைவரை என் கையில் கொடுத்தார்.