வலி தெரியாத எனக்கு எபிடூரல் தேவைப்படுமா?

கேள்வி:
எட்டு ஆண்டுகளுக்கு முன் நடந்த விபத்தில், மார்புப் பகுதியின் நான்காவது முள்ளெலும்பு மட்டத்தில் என் தண்டுவடம் பாதிக்கப்பட்டது. அன்று முதல் சக்கர நாற்காலியில் இருக்கும் நான் இப்போது ஏழு மாதக் கர்ப்பிணி. மார்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாததால் பிரசவ வலி தெரியாது, ஆகவே வலி நிவாரணத்தைப் பற்றிப் பேச வேண்டியதில்லை என்று பரிசோதனையின்போது சொல்லிவிட்டார்கள். சிறுநீர்ப்பை நிரம்பினாலே தலை வெடிப்பதுபோல் வலித்து, முகமெல்லாம் வியர்த்துவிடுகிற எனக்கு, பிரசவம் மட்டும் ஒன்றும் செய்யாதா?

மறுமொழி 1:
மயக்கவியல் மருத்துவராகச் சொல்கிறேன்: உங்கள் சந்தேகம் மிகச் சரியானது. நீங்கள் விவரிப்பது ஆட்டோனாமிக் டிஸ்ரிஃப்ளெக்சியா போலவே இருக்கிறது. மார்புப் பகுதியின் ஆறாவது முள்ளெலும்பு மட்டத்திலோ அதற்கு மேலோ தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்களுக்கு, காயத்துக்குக் கீழே எழும் தூண்டல், அவர்கள் உணராமலேயே இரத்தக் குழாய்களைச் சுருக்கி, இரத்த அழுத்தத்தை ஆபத்தான அளவுக்கு ஏற்றிவிடும். கருப்பைச் சுருக்கம் அத்தகைய வலுவான தூண்டல். கவனிக்காமல் விட்டால் மூளையில் இரத்தக்கசிவு கூட ஏற்படலாம். முதுகெலும்பில் மெல்லிய குழாய் வைத்து மரத்துப்போகும் மருந்து செலுத்தும் முறையான எபிடூரல் அந்தத் தூண்டலைத் தடுத்துவிடுவதால், வலி தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், பிரசவத்தின் தொடக்கத்திலேயே அதைக் கொடுப்பது நல்லது. கர்ப்பகால இரத்த அழுத்த நோய் என்று இதைத் தவறாக எண்ணிவிடுவதும் உண்டு; சுருக்கத்தோடு ஏறி, அது தளர்ந்ததும் இறங்குகிற அழுத்தமா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

மறுமொழி 2:
முதுகெலும்பு வளைவுக்காக எனக்கு உலோகத் தண்டு பொருத்தியிருக்கிறார்கள். பழைய அறுவை சிகிச்சைக் குறிப்பையும் எக்ஸ்ரேயையும் எட்டாம் மாதமே காட்டியதால், மருத்துவர் அல்ட்ராசவுண்ட் மூலம் எபிடூரல் ஊசிக்கான இடைவெளியைத் தேடித் தயாராக இருந்தார். அப்படியும் முதல் முறை ஒரு பக்கம் மட்டுமே மரத்துப்போனது. குழாயை மாற்றி வைத்த பிறகுதான் நிம்மதி கிடைத்தது.

மறுமொழி 3:
மூளை முடக்குவாதம் உள்ள எனக்கு, வலி குறைய நைட்ரஸ் ஆக்சைடும் ஆக்சிஜனும் சரிபாதி கலந்த வாயுவைத் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். தூக்கம் மேலிட்டால் முகமூடி தானாக விலக வேண்டும் என்பதால், அதைப் பெண்ணே பிடித்துக்கொள்ள வேண்டும், பிறர் பிடிக்கக் கூடாது. என் கைகளால் அது முடியாது என்பது பிரசவ அறையில்தான் தெரிந்தது. முன்கூட்டியே ஒரு முறை பிடித்துப் பார்க்க யாராவது சொல்லியிருக்கலாம் என்ற வருத்தம் இன்றும் இருக்கிறது. பிறகு எபிடூரல் கொடுத்தபோது வலியோடு கால் தசைகளின் இறுக்கமும் தணிந்தது.

கேட்டவர்:
மிக்க நன்றி. வலியே தெரியாதபோது, பிரசவம் தொடங்கியதை எப்படி அறிவது?

மறுமொழி 1:
வயிற்றில் கைவைத்து, அது கல்லாக இறுகித் தளர்வதைக் கண்டறிய இப்போதே பழகுங்கள். கால்களில் வழக்கத்துக்கு மாறான துடிப்பு, மூச்சில் மாற்றம், உங்களுக்குப் பழக்கமான அந்தத் தலைவலி ஆகியவையும் அடையாளமாகலாம். தலைவலி வந்தால் உடனே நிமிர்ந்து உட்கார்ந்து, சிறுநீரை வெளியேற்றும் குழாய் (கதீட்டர்) பொருத்தியிருந்தால் அது அடைபட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அதற்கு முன்பாக, இந்த வாரமே மயக்கவியல் மருத்துவரைச் சந்தித்து, எபிடூரல் திட்டத்தை உங்கள் கோப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.