ஏரேஷன் டேங்கில் அனாக்ஸிக் பகுதி பிரித்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். சென்னையில் ஒரு குடியிருப்பின் 200 கேஎல்டி (நாளுக்கு 200 கிலோலிட்டர்) எஸ்டிபியை, அதாவது கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தை, பார்த்துக்கொள்கிறேன். அம்மோனியா லிட்டருக்கு 2 மி.கி.க்குள் வந்துவிடுகிறது, நைட்ரேட் நைட்ரஜன்தான் 30க்குக் கீழே இறங்க மாட்டேன் என்கிறது. மிச்ச நீர் பக்கத்து ஏரிக்குப் போவதால் இதை அப்படியே விட மனமில்லை. மதியம் கிளாரிஃபையரில் (கசடு படியும் தொட்டி) ஸ்லட்ஜ் கட்டிகட்டியாக மேலே வரும். கம்பால் தட்டினால் குமிழி விட்டு மூழ்கும். டீநைட்ரிஃபிகேஷன் (பாக்டீரியா நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்குவது) அங்கே நடக்கிறது, நடக்கவேண்டிய இடத்தில் நடக்கவில்லை.

ஏரேஷன் டேங்கின் (காற்று ஊதும் தொட்டி) முதல் மூன்றில் ஒரு பங்கைக் காற்று ஊதாத அனாக்ஸிக் பகுதியாகச் சுவர் வைத்துப் பிரித்து, மிக்ஸர் போட்டு, வரத்தைப்போல மூன்று மடங்கு நீரைக் கடைசியிலிருந்து திருப்பிவிட நினைக்கிறோம். நைட்ரிஃபிகேஷனில் (அம்மோனியா நைட்ரேட்டாக மாறுவது) செலவாகும் காரத்தன்மையில் பாதிவரை திரும்பக் கிடைக்கும் என்பதும் ஒரு லாபம்.

திரும்பும் நீரிலுள்ள ஆக்ஸிஜன் அனாக்ஸிக் பகுதியைக் கெடுக்காதா? மீதி டேங்க் அம்மோனியாவைத் தாங்குமா? செய்து பார்த்தவர்கள் பம்பை எங்கே வைத்தீர்கள், அங்கே டிஓ (கரைந்த ஆக்ஸிஜன்) எவ்வளவு என்று சொல்லுங்கள்.