மகன் அறையில் பூஞ்சை வாடை: பெரிய சுத்திகரிப்பானா, ஈரம் உறிஞ்சும் மெஷினா?

செங்காங் மல்லி
வணக்கம், ஒரு யோசனை வேண்டும். சிங்கப்பூர் செங்காங்கில் நாலறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு, ஒன்பதாவது மாடி. மகனுக்கு ஐந்து வயது. காலையில் எழுந்ததும் எட்டுப் பத்துத் தும்மல், மூக்கடைப்பு, பள்ளிக்குப் போனால் சரியாகிவிடுகிறது. போன வருடமே நுண்துகளை வடிகட்டும் ஹெப்பா ஃபில்ட்டர் உள்ள காற்றுச் சுத்திகரிப்பான் வாங்கி அவன் அறையில் வைத்தோம். இரவெல்லாம் ஓடுகிறது. மாமியார் வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடும்போது மட்டும் அதன் விளக்கு சிவப்பாகும், மற்றபடி எப்போதும் பச்சைதான். ஆனால் அலமாரியைத் திறந்தால் குப்பென்று பூஞ்சை வாடை. நகர்த்திப் பார்த்தால் பின்சுவரெல்லாம் கறுப்புப் புள்ளி.

இப்போது வீட்டில் மூன்று கட்சி. இதைவிடப் பெரிய சுத்திகரிப்பான் வேண்டும் என்கிறார் கணவர், ஈரம் உறிஞ்சும் மெஷின் என்கிறேன் நான், நீலகிரித் தைலம் விட்டு நீராவி ஊதும் சாதனம் போதும் என்கிறார் மாமியார். எதை வாங்க?

சாம்பல் பூனை
மூன்றாவது வேண்டவே வேண்டாம். ஈரத்தில் பூஞ்சை பிடித்த அறைக்குள் இன்னும் நீராவியா! ஆனால் மாமியாரிடம் நீங்கள் சொல்லாதீர்கள், கணவரைச் சொல்லச் சொல்லுங்கள்.

ஜூரோங் ஏர்கான்காரர்
அந்த விளக்கு பார்ப்பது காற்றில் மிதக்கும் துகளை மட்டும்தான், அதனால்தான் சாம்பிராணிக்குச் சிவக்கிறது. ஹெப்பா, பறக்கும் பூஞ்சை வித்துகளைப் பிடிக்கும், சுவரில் வளர்வதை ஒன்றும் செய்யாது. பெரியதாக வாங்கினாலும் இதே கதைதான். மூன்று கேள்வி: ஏர்கான் எத்தனை டிகிரியில்? காலையில் ஜன்னலைத் திறப்பீர்களா? துணி உள்ளே காய்கிறதா? அப்புறம், ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று வாங்கி வையுங்கள், விலை அதிகமில்லை.

செங்காங் மல்லி
ஏர்கான் 20. ஏழு மணிக்கு நிறுத்தியதும் ஜன்னலை அகலத் திறப்பேன், காற்றோட்டம் நல்லது என்றுதானே சொல்கிறார்கள். மழை நாளில் துணியெல்லாம் அந்த அறையில்தான். மீட்டர் வாங்கி வைத்தேன், மத்தியானம் 79 காட்டுகிறது!

ஜூரோங் ஏர்கான்காரர்
அதுதான் விஷயம். ஐஸ் மைலோ டம்ளர் வெளியே வியர்க்கிறதே, உங்கள் சுவரும் அப்படித்தான். நம் ஊர் வெளிக்காற்று 24, 25 டிகிரிக்குக் குறைவான எதைத் தொட்டாலும் தண்ணீர் விடும். இரவெல்லாம் 20-இல் குளிர்ந்த சுவர்மேல் காலையில் அந்தக் காற்றைத் திறந்துவிடுகிறீர்கள், அலமாரிக்குப் பின்னால் காற்று ஓடாது, அந்த ஈரம் காயவே காயாது. ஏர்கானை 25-க்கு ஏற்றுங்கள். நிறுத்தியபின் ஃபேன் போட்டு, சுவரின் குளிர் போனதும் ஜன்னலைத் திறங்கள். அலமாரிக்கும் சுவருக்கும் ஒரு கை அகலம் இடைவெளி. துணியை வேறு இடத்துக்கு மாற்றுங்கள்.

ஊட்லண்ட்ஸ் ராஜா
அதற்குப் பிறகும் ஈரப்பதம் 65-க்குக் கீழே இறங்காவிட்டால் ஈரம் உறிஞ்சும் மெஷின் வாங்கலாம். கம்ப்ரஸர் உள்ளதாக வாங்குங்கள், நம் வெயிலுக்கு அதுதான் சரி. யூஎஸ்பியில் ஓடும் குட்டி மெஷினில் நான் காசைத் தொலைத்திருக்கிறேன், நாள் முழுக்க ஓடி ஒரு டம்ளர் தண்ணீர். பெட்டியில் "நாளொன்றுக்கு 12 லிட்டர்" என்று இருக்கும், அது பெரும்பாலும் 30 டிகிரி, 80 சதவீத ஈரத்தில் அளந்தது, உங்கள் அறையில் அவ்வளவு வராது. சூடும் விடும், அதனால் பையன் பள்ளிக்குப் போனபின் கதவு, ஜன்னல் சாத்தி ஓட்டுங்கள். 250 வாட் மெஷின் எட்டு மணி நேரம் ஓடினால் இரண்டு யூனிட், யூனிட் 30 காசு என்று வைத்தால் 60 காசு.

யீஷூன் அக்கா
காலைத் தும்மல் என்றால் மெத்தையையும் பாருங்கள் தங்கச்சி. தூசிப்பூச்சி காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சித்தான் பிழைக்கிறது, 50 சதவீதத்துக்குக் கீழே போனால் பெருகாது. விரிப்பு, தலையணை உறையை வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள். தும்மல் நிற்காவிட்டால் பாலிகிளினிக்குக்குக் கூட்டிப்போங்கள். பழைய சுத்திகரிப்பானை விற்றுவிடாதீர்கள், புகைமூட்டத்துக்கு அதுதான் உதவும். 2013 ஜூனில் காற்றுமாசுக் குறியீடான பிஎஸ்ஐ 401-ஐத் தொட்டபோது இப்படி ஒன்று இல்லாமல் ஈரத்துண்டைக் கதவிடுக்கில் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

சாம்பல் பூனை
கணவர் பெரியதுதான் வேண்டும் என்று நின்றால் கணக்குக் காட்டுங்கள். 12 சதுர மீட்டர் அறை, 2.6 மீட்டர் உயரம், சுமார் 31 கன மீட்டர். அந்தக் காற்று மணிக்கு ஐந்து தடவை சுத்தமாக வேண்டுமென்றால் சிஏடிஆர், அதாவது மணிக்கு எத்தனை கன மீட்டர் சுத்தக் காற்று தரும் என்ற அளவு, 160 போதும். இருப்பதன் அடியில் ஒட்டியிருக்கும் தாளில் பாருங்கள்.

செங்காங் மல்லி
மூன்று வாரம் ஆயிற்று. தாளில் 230 என்று இருந்தது, கணவர் அமைதியாகிவிட்டார். ஏர்கான், அலமாரி, துணி எல்லாம் மாற்றியும் மீட்டர் 70-க்குக் கீழே வரவில்லை, அதனால் கம்ப்ரஸர் மெஷின் வாங்கினோம். இப்போது 57, 58. சுவரை முகக்கவசம், கையுறை போட்டு, ஜன்னலைத் திறந்துவைத்து, தண்ணீர் கலந்த பிளீச்சால் துடைத்தேன், புள்ளி திரும்ப வரவில்லை. வாடை போய்விட்டது. தும்மல் இரண்டு மூன்றாகக் குறைந்திருக்கிறது, இன்னும் நிற்கவில்லை, அடுத்த வாரம் பாலிகிளினிக்.

ஒரே சந்தேகம். தினமும் இரண்டு லிட்டர் தண்ணீர் சேருகிறது, மாமியார் அதைத் தாழ்வாரத்துக் கறிவேப்பிலைக்கு ஊற்றுகிறார். பரவாயில்லையா?

ஜூரோங் ஏர்கான்காரர்
கறிவேப்பிலைக்கு வேண்டாம். மெஷினுக்குள்ளே தூசி படிந்த குளிர்க்குழாயில் (காயில்) வழிந்து வரும் தண்ணீர் அது. கழிவறையைக் கழுவ வைத்துக்கொள்ளுங்கள்.