பதில்: கிளாம்பு – கவ்வியா, இறுக்கியா?

> கிளாம்பு = கவ்வி. சின்னச் சொல், எளிதாக வாயில் வருகிறது. இதையே வைத்துக்கொள்ளலாமே?

பலகைகளைச் சேர்த்துப் பிடிக்கும் கருவியான கிளாம்புக்குக் கவ்வி நல்ல சொல்தான், மரவேலைக்குத்தான் போதவில்லை. கவ்வினால் பொருள் நழுவாது, அவ்வளவே. பசை பூசிய இரண்டு பலகைகளுக்கு விளிம்பு நெடுக அழுத்தம் வேண்டும். கருவியின் திருகைச் சுற்றச் சுற்ற, பலகையைப் பிடிக்கும் அதன் தாடை நெருங்கும். இணைப்புக் கோட்டில் பசை குட்டிக் குட்டி மணிகளாகப் பிதுங்கும். மணி கட்டாத இடத்தில் பசையோ அழுத்தமோ குறைவு என்று அர்த்தம். இந்த வேலைக்குரிய வினை 'இறுக்கு'. எனவே 'இறுக்கி' என்கிறேன். எஃப் இறுக்கி, சி இறுக்கி, குழாய் இறுக்கி, பட்டை இறுக்கி என்று கூட்டுச்சொற்களும் தடையின்றி வருகின்றன.

துணி கிளிப் போல ஸ்பிரிங்கால் மூடிக்கொள்ளும் வகைக்கு மட்டும் 'வில் கவ்வி' இருக்கட்டும். அதில் இறுக்கத்தைக் கூட்டவோ குறைக்கவோ வழியில்லை.

> எத்தனை இருந்தாலும் இன்னும் வாங்கத் தூண்டும் அந்த ஆசைக்கு 'இறுக்கிப் பித்து' எனலாமா?

பித்து வேண்டாம், கணக்கைப் பாருங்கள். தாடையிலிருந்து அழுத்தம் ஏறக்குறைய 45 பாகையில் இருபுறமும் விரிகிறது. பலகை 10 செ.மீ. அகலமென்றால் ஓர் இறுக்கி இணைப்பில் 20 செ.மீ. நீளத்தைத்தான் கவனிக்கும். 150 செ.மீ. மேசைப் பலகைக்கு 8 தேவை. அவற்றை மேலொன்று கீழொன்றாக மாற்றி மாற்றிப் போட வேண்டும். எல்லாம் ஒரே பக்கம் இருந்தால் இறுக்கியின் தண்டு வளைந்து, பலகையும் கூடவே வளையும். வெள்ளைப் பசை என்றால் அரை மணி முதல் ஒரு மணி நேரம் எட்டும் அங்கேயே மாட்டிக்கொண்டிருக்கும். அடுத்த சட்டத்தின் நான்கு மூலைகளுக்கு எங்கே போவது? பசை பூசிய பிறகு தேடவும் நேரமில்லை, சில நிமிடங்களில் பசைமேல் ஆடை கட்டிவிடும். ஆகவே 'இறுக்கிப் பற்று' என்போம். பிடிப்பு, ஆசை இரண்டும் 'பற்று' என்பதில் உண்டு.

> 'இறுக்கி' வினையெச்சமும் ஆயிற்றே. 'இறுக்கியால் இறுக்கிப் பிடி' என்றால் குழப்பாதா?

'கவ்வி'க்கும் அதே சிக்கல்தான். விசிறி, தாங்கி இரண்டும் அப்படியே புழங்குகின்றன. இறுக்கியை, இறுக்கிகள் என வேற்றுமையும் பன்மையும் சேர்ந்தால் ஐயம் தீர்ந்துவிடும்.

எனக்கு உண்மையான சிக்கல் வேறொன்று. பலகைகள் மட்டம் தவறாமலிருக்க, குறுக்கே மேலும் கீழும் வைத்து இறுக்கும் கட்டைக்கு ஆங்கிலப் பெயர் 'கால்' (caul). தமிழில் அப்படியே எழுதினால் மேசைக்கால் ஆகிவிடும். பலகையைத் தொடும் அதன் பக்கம் நடுவில் மயிரிழை புடைத்திருக்கும், இரு முனைகளை இறுக்கினாலே நடுப்பகுதியும் அழுந்தட்டும் என்று. பசை ஒட்டாமலிருக்க அந்தப் பக்கத்தில் மெழுகோ பார்சல் டேப்போ இருக்கும். 'அழுத்துக்கட்டை' என்று குறித்து வைத்திருக்கிறேன். இதைவிடச் சின்னதாக ஒன்று கிடைக்குமா?