ஒரம்பரை (உறவினர்) வாட்ஸ்அப் குழு: புது எம்.எல்.ஏ. வாய் திறக்கலாமா?

ஞாயிறு, காலை 9:12

பெரியப்பா: நேற்று கல்யாண மண்டபத்தில் நம் எம்.எல்.ஏ. தம்பி பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. பந்தி முடிந்து வெற்றிலை போடும்போது மெதுவாகக் கேட்டது. "ஐயா, சட்டமன்றத்தில் மானியக் கோரிக்கை விவாதம், துறை துறையாகப் பணம் ஒதுக்குற விவாதம், வருதுங்க. கீழ்பவானி வாய்க்கால் விஷயத்தை நானே எழுந்து பேசட்டுங்களா, சீனியர்கள் பார்த்துக்கட்டும்னு விட்டுடட்டுங்களா?" ஒரு வருசம் பொறு சாமி, சபை பழகட்டும் என்று சொல்லி அனுப்பினேன். சரிதானே?

கடைமடை மாமா: ஒரு வருசமா? மச்சான், இங்கே வாய்க்கால் கடைசியில் ஒரு நனைப்பு, ஒரு முறைத் தண்ணீர், தப்பினால் கடலைக்காடே காய்கிறது. நீங்கள் வருசக் கணக்கில் பேசுகிறீர்கள்.

கவி: பெரியப்பா, ஓட்டுப் போட்டது ஐந்து வருசத்துக்கு. அதில் ஒன்று பழகுவதற்கே போனால் எப்படிங்க?

பெரியப்பா: கண்ணு, 234 பேர் உட்காருகிற சபை அது. ஆளுங்கட்சியில் இருந்துகொண்டு முதல் கூட்டத்திலேயே அமைச்சருக்கு எதிரே எழுந்து நின்றால், நாளைக்குப் பாலத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் யார் வாசலில் போய் நிற்பது? எதிர்க்கட்சிக்காரன் பேசலாம், அவனுக்கு இழக்க ஒன்றுமில்லை. 1957-இல் குளித்தலையில் ஜெயித்துப் போன கலைஞர் முதல் பேச்சிலேயே நங்கவரம் விவசாயிகள் பிரச்சினையை எடுத்தார். ஆனால் அன்றைக்கு தி.மு.க.வுக்கு இருந்ததே 15 பேர். யாருடைய மனம் நோகும் என்று பார்க்கிற நிலைமை அவருக்கு இல்லை.

டாலஸ் மாப்பிள்ளை: மாமா, இங்கே இன்னும் சனிக்கிழமை ராத்திரிதான், அதனால் கொஞ்சம் நீட்டுகிறேன். இங்கே அமெரிக்காவில் சீனியாரிட்டி வெறும் மரியாதையோடு நிற்கவில்லை. நாடாளுமன்றக் கமிட்டித் தலைவர் பதவியே அதிக வருசம் உட்கார்ந்தவருக்குத்தான் என்று வெகுகாலம் இருந்தது. 1974-இல் அதிபர் நிக்சன் ராஜினாமா செய்த பிறகு நடந்த தேர்தலில் ஜனநாயகக் கட்சியில் புது ஆட்கள் எழுபது பேருக்கு மேல் ஜெயித்து வந்தார்கள். கமிட்டித் தலைவர்கள் எங்கள் முன்னால் வந்து பதில் சொல்லட்டும் என்று கேட்டார்கள். ராணுவக் கமிட்டித் தலைவர் ஹெபர் வந்து "பசங்களா, பொண்ணுங்களா" என்று ஆரம்பித்தாராம். 1975 ஜனவரியில் அவரோடு சேர்த்து மூன்று தலைவர்களுக்குப் பதவி போனது. மற்ற இரண்டு பேரும் இந்த டெக்ஸாஸ்காரர்கள். அதில் பேட்மன் என்பவர் 1929-இல் இருந்து சபையில் இருந்தவர்!

பெரியப்பா: நல்ல கதைதான் மாப்பிள்ளை. எழுபது பேர் சேர்ந்து போனார்கள். நம் தம்பி ஒண்டி ஆள்.

டாலஸ் மாப்பிள்ளை: அதுவும் சரிதானுங்க மாமா.

கவி: பேசினால் பதவி போய்விடாது பெரியப்பா. கட்சித்தாவல் தடைச் சட்டம் 1985-இல் வந்தது. கட்சிக் கொறடா உத்தரவை மீறி ஓட்டுப் போட்டாலோ, ஓட்டுப் போடாமல் இருந்தாலோதான் சிக்கல். சபைக்குள் பேசியதற்காகக் கோர்ட்டும் இழுக்க முடியாது, அரசியல் சட்டத்தின் 194-வது பிரிவு காப்பாற்றுகிறது.

பெரியப்பா: சட்டம் படிக்கிற பிள்ளை சொன்னால் கேட்க வேண்டியதுதான். ஆனால் 2017-இல் 18 எம்.எல்.ஏ.க்களுக்குப் பதவி போனதே, அவர்கள் எந்த ஓட்டை மாற்றிப் போட்டார்கள்? அதில் நம் பக்கத்து அரவக்குறிச்சியும் ஒன்று.

கவி: அவர்கள் முதலமைச்சருக்கு எதிராக ஆளுநரிடம் மனு கொடுத்தார்கள். அதைக் கட்சியை விட்டு விலகியதாக எடுத்துக்கொண்டுதான் சபாநாயகர் பதவியைப் பறித்தார். வாய்க்காலில் தண்ணீர் வரவில்லை என்று பேசுவதும் அதுவும் ஒன்றாகிவிடுமா?

பெரியப்பா: சட்டத்தில் ஒன்றில்லை. அடுத்த முறை சீட்டுக் கொடுக்கிற இடத்தில் ஒன்றாகிவிடும்.

இந்த இடத்தில் கவி கொஞ்ச நேரம் ஒன்றும் போடவில்லை. நானும்தான். பெரியப்பா சொன்னதில் உண்மை இருந்தது.

காலை 9:47

நான்: பேசலாமா வேண்டாமா என்பதை அவர் மட்டும் முடிவு செய்ய முடியாதுங்க பெரியப்பா. நிருபர் வேலையில் இருந்தபோது சட்டமன்றப் பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். மானியக் கோரிக்கையில் கட்சிகளுக்கு நேரம் பிரித்துக் கொடுப்பார்கள். யார் பேசுவது என்று கட்சிதான் பட்டியல் கொடுக்கும். புது ஆள் பெயர் அதில் வருவதே பெரிய பாடு. வந்தாலும், கிடைத்த நேரத்தில் பாதி தலைவரைப் புகழ்வதில் போய்விடும். கவிதையே எழுதிக்கொண்டு வருவார்கள். மணி அடித்த பிறகுதான் தொகுதி ஞாபகத்துக்கு வரும்.

டாலஸ் மாப்பிள்ளை: 2021 ஆகஸ்டில் முதல்வர் ஸ்டாலினே எழுந்து, என்னைப் புகழ்ந்து பேசி நேரத்தை வீணாக்கினால் நடவடிக்கை எடுப்பேன் என்று தன் கட்சி உறுப்பினர்களிடம் சொன்னாரே.

நான்: சொன்னார். அது செய்தியாகிற அளவுக்கு இருந்தது பழக்கம்.

அத்தை: நான் கவுன்சிலராக இருந்த கதையைச் சொல்லட்டுமா? முதல் கூட்டம். எழுத்தர் எழுந்து பொருள் எண் ஒன்று, இரண்டு, மூன்று என்று வாசிக்கிறார். ஒவ்வொன்றுக்கும் "மன்றத்தின் அனுமதிக்கு" என்பார், மூச்சு விடுவதற்குள் "நிறைவேற்றப்பட்டது" என்பார். பக்கத்தில் இருந்த மூத்தவர் "முதல் ரெண்டு கூட்டம் சும்மா உட்கார்ந்து காப்பி குடிச்சிட்டுப் போம்மா" என்றார். எங்கள் வீதிச் சாக்கடைக்கு எஸ்டிமேட் போட்டிருந்தார்கள். அந்த வேலை ஏற்கெனவே முடிந்துபோனது! "இதுக்கு ஆட்சேபணைங்க" என்றேன். எழுத்தர் பேனாவை அப்படியே நிறுத்தி, தலைவர் முகத்தைப் பார்த்து "எழுதவாங்க?" என்று கேட்டார். எழுதச் சொன்னார்கள். பொருள் ஒத்திவைக்கப்பட்டது.

கவி: அத்தை 👏

பெரியப்பா: அப்புறம் உன் வார்டுக்கு எத்தனை மாதம் தெருவிளக்குப் போடாமல் இழுத்தார்கள், அதையும் சொல்.

அத்தை: இழுத்தார்கள்தான் அண்ணா. ஆனால் பிற்பாடு என் வார்டுப் பொருள் வரும்போது மட்டும் எழுத்தர் நிதானமாக வாசித்தார்.

கடைமடை மாமா: இதைத்தான் நானும் சொல்கிறேன். கீழ்பவானி வந்ததே எப்படி? 1946-இல் சட்டமன்றத்துக்குப் போன ஈரோடு தியாகி ஈஸ்வரன் விடாமல் நின்றதால் வந்தது. அவர் எதிர்க்கட்சியா? காங்கிரஸ் ஆட்சியில் காங்கிரஸ் உறுப்பினர். 1948-இல் வேலை தொடங்கி 1955-இல் பவானிசாகர் அணை முடிந்தது. இன்றைக்கு 2 லட்சத்து 7 ஆயிரம் ஏக்கர் பாய்கிறது. ஒரு வருசம் பொறுக்கலாம் என்று அவர் வாய்மூடி உட்கார்ந்திருந்தால் மச்சானும் என்னைப் போல மானாவாரிக்காரர்தான்.

பெரியப்பா: ஈஸ்வரனையும் இந்தத் தம்பியையும் ஒரே தராசில் வைக்காதே. அவர் சுதந்திரப் போராட்டத்தில் நின்றவர். சொல்லுக்கு எடை இருந்தது. இது நேற்று வந்த பிள்ளை.

கடைமடை மாமா: யாரும் பேசாவிட்டால் சனம் வேறு வழி பார்க்கும். 1996-இல் மொடக்குறிச்சியில் 1,033 பேர் வேட்பாளராக நின்றோமே, எதற்கு? விவசாயி பேச்சைக் கேட்க ஆளில்லை என்றுதான். தேர்தலையே தள்ளிவைத்து, ஓட்டுச்சீட்டைப் புத்தகமாக அச்சடித்தார்கள்.

டாலஸ் மாப்பிள்ளை: நின்றோமேவா? நீங்களும் நின்றீர்களா?

கடைமடை மாமா: பக்கத்துத் தோட்டத்துக்காரர் நின்றார். நான் 250 ரூபாய் டெபாசிட் கட்டக் கூடப் போனேன். அந்த வருசமே சட்டத்தைத் திருத்தி டெபாசிட்டை 5,000 ஆக்கிவிட்டார்கள்.

காலை 10:20

நான்: ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். தம்பி எழுந்து பேசுகிறார் என்றே வைத்துக்கொள்வோம். என்ன பேசுவார்? வாய்க்காலுக்குக் கான்கிரீட் போடு என்றா, போடாதே என்றா?

கடைமடை மாமா: போடு என்று. வேறென்ன? மேலே கசிந்து போகிற தண்ணீர் கீழே வந்தாக வேண்டும்.

பெரியப்பா: போடாதே என்று. மண் வாய்க்கால் கசிவில்தான் எங்கள் கிணறு எல்லாம் ஊறுகிறது. கான்கிரீட் போட்டால் மோட்டார் காற்றைத்தான் இழுக்கும்.

அத்தை: ஆரம்பித்துவிட்டார்கள்.

நான்: பார்த்தீர்களா? 2020-இல் 709 கோடிக்கு அரசாணை வந்ததில் இருந்து இதே கதைதான். போடச் சொல்லியும் உண்ணாவிரதம், போடக் கூடாது என்றும் உண்ணாவிரதம். ஒரு வீட்டு ஒரம்பரையே இரண்டு பக்கம் நிற்கிறது. மூத்த உறுப்பினர்கள் இதை நன்றாக அறிவார்கள். எந்தப் பக்கம் பேசினாலும் மறுபக்கத்து ஓட்டுப் போகும் என்று கமுக்கமாக இருக்கிறார்கள். புதியவர் அதைப் பார்த்து, இதுதான் சபை மரபு போல என்று நினைத்துத் தானும் உட்கார்ந்துகொள்கிறார். சபையில் எப்படி எழுவது, எந்தத் தாளை எங்கே கொடுப்பது என்பதை அவர்களிடம் படித்துக்கொள்ளட்டும். எதைக் கேட்பது என்பதை ஏன் அவர்களிடம் கேட்க வேண்டும்?

கவி: அண்ணா, அப்படியென்றால் பேச்சு எதற்கு? கேள்வி போடலாமே. கேள்வி நேரத்துக்கு எழுதிக் கொடுப்பது உறுப்பினரின் சொந்த உரிமை, விவாதப் பட்டியலில் பெயர் வரக் காத்திருக்க வேண்டாம். சபையில் எடுத்தால் அமைச்சர் எழுந்து பதில் சொல்ல வேண்டும், அதன்மேல் துணைக் கேள்வியும் கேட்கலாம்.

பெரியப்பா: "அரசின் பரிசீலனையில் உள்ளது" என்பார். முடிந்தது.

கவி: கருத்தைக் கேட்டால் அப்படிச் சொல்வார்கள். கணக்கைக் கேட்டால் கணக்குத்தான் சொல்ல வேண்டும். யாரையும் எதிர்த்துப் பேசியதாகவும் ஆகாது.

பெரியப்பா: ம். எழுதிக் காட்டு, பார்ப்போம்.

காலை 10:51

கவி: நீர்வளத் துறை அமைச்சர் அவர்கள் கீழ்க்கண்டவற்றைத் தயவுகூர்ந்து தெரிவிப்பார்களா:
(அ) கடந்த ஐந்து ஆண்டுகளில் கீழ்பவானி வாய்க்காலில் ஒவ்வொரு நனைப்புக்கும் எங்கள் கிளை வாய்க்காலின் தலைமதகில் திறக்கப்பட்ட நீரின் அளவு என்ன;
(ஆ) அதில் கடைமடைக்கு வந்து சேர்ந்த அளவு என்ன?

கடைமடை மாமா: நெற்றியடி. முறை மாற்றித் தண்ணீர் விடுகிற ஒற்றைப்படை மதகு, இரட்டைப்படை மதகு என்று தனித்தனியாகக் கேள். இல்லாவிட்டால் இரண்டையும் கூட்டிப் போட்டு மறைத்துவிடுவார்கள்.

பெரியப்பா: அப்படியானால் (இ) ஒன்று சேர்க்க வேண்டும். வாய்க்காலை ஒட்டிய கிணறுகளின் நீர்மட்டம் தண்ணீர் திறப்புக்கு முன் எவ்வளவு, பின் எவ்வளவு. அது இல்லாமல் நான் கொண்டுபோய்க் கொடுக்க மாட்டேன்.

கடைமடை மாமா: கிணற்றுக்கும் இதற்கும் என்ன மச்சான்?

பெரியப்பா: உன் கணக்கு வரும்போது என் கணக்கும் வரட்டும்.

டாலஸ் மாப்பிள்ளை: மாமா, ஒரு வருசம் பொறுக்கச் சொன்னீர்களே?

பெரியப்பா: பேச்சுக்குத்தான் சொன்னேன் மாப்பிள்ளை. இது காகிதம். இருந்தாலும் கொறடா காதில் ஒரு வார்த்தை போட்டுவிட்டுக் கொடு என்றுதான் தம்பியிடம் சொல்வேன். அதில் மாற்றமில்லை.

கவி: காதில் போடட்டும். அனுமதி கேட்க வேண்டாம்.

அத்தை: அந்தத் "தயவுகூர்ந்து" என்பதை எடுத்துவிடு கவி. நம் வாய்க்கால் கணக்கைக் கேட்க எதற்குத் தயவு?

பெரியப்பா: அது சபை நடைமுறை, இருக்கட்டும். கவி, (இ) சேர்த்துப் பெரிய எழுத்தில் அச்செடுத்து வை. பொழுதோட அந்தப் பக்கம் போகிறேன், கையோடு கொடுத்துவிடுகிறேன்.

கடைமடை மாமா: நானும் வருகிறேன். (இ)-யை (அ) ஆக்கிக் கொடுத்துவிடுவீர்கள்.