கும்பகோணம் பக்கம் கடும் வலிக்கான மார்ஃபின் (morphine) மாத்திரை எழுதித் தரும் டாக்டர் யார்?

அத்தைக்கு 84 வயது, கும்பகோணம் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறார். புற்றுநோய் எலும்பு வரைக்கும் போய்விட்டது, இனி சிகிச்சை வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். ஆனால் போர்வை மாற்றப் புரட்டினாலே அலறுகிறார், அங்கே கொடுப்பதோ வெறும் பாராசிட்டமால், மூச்சு வாங்கினால் உடனே ஐசியூவுக்கு அனுப்பிவிடுவோம் என்கிறார்கள் (பிறகு வம்பு வருமோ என்ற பயம், அதுவும் புரிகிறது). மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வலி தணிப்பு நர்ஸ் வீட்டுக்கு வருவார்களே, முதியோர் இல்லத்துக்கும் வருவார்களா? தஞ்சாவூர், திருவாரூர் என்றாலும் சரி, போய் வாங்கி வருகிறேன்.

அப்புறம் லிவிங் வில், அதாவது தேற முடியாத நிலை வந்தால் உயிரை நீட்டிக்கும் சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைப்பது. 2023-ல் உச்ச நீதிமன்றம் விதியைத் தளர்த்தியபின் இரண்டு சாட்சியும் நோட்டரியும் போதும். இங்கே யாராவது எழுதியிருந்தால், ஆஸ்பத்திரியில் அதை மதித்தார்களா? அத்தை தெளிவாக இருக்கும்போதே எழுதி வாங்கிவிட வேண்டும்.